விடுமுறை விவிலியப் பள்ளி நாடகம்: புனித தமியானுக்கு நோய் வந்த காட்சியை எப்படிக் காட்டுவது?

எலத்தகிரி டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க பங்குல மே மாசம் விடுமுறை விவிலியப் பள்ளி நடக்கும். கடைசி நாள் சாயங்காலம் பிள்ளைங்க நாடகம். இந்த வருஷம் புனித தமியான் கதையைப் போடலாம்னு சாமியார் சொல்லிட்டார். ஹவாய்த் தீவுல தொழுநோயாளிகளுக்கு நடுவுல இருந்து வேலை செஞ்சு, தனக்கும் அந்த நோய் வந்து இறந்த சாமியார் அவர். மே 10 அவர் திருநாள், தேதியும் ஒத்து வருது.

கையில இருக்கிறது ஒரு பழைய நாடகப் பிரதி. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தே மங்கிப் போயிருக்கு. அதுல முக்கியமான இடம் இப்படி வருது: தமியான் ஒரு நோயாளியைக் கட்டிப் பிடிக்கிறார், சோக இசை. அடுத்த காட்சியில சுடுதண்ணியில கால் வைக்கிறார், சுடவே இல்லை. உடனே மேடை முன்னாடி வந்து, இனிமே நானும் உங்கள்ல ஒருத்தன்னு கையை விரிக்கிறார். திரை.

ஒத்திகையிலேயே சிக்கல் ஆரம்பிச்சுடுச்சு. நோயாளி வேஷம் போடற பையனைப் பார்த்து மத்த பசங்க "டேய் தொடாதே, ஃபாதருக்கு வந்த மாதிரி உனக்கும் வந்துடும்"னு ஓடறாங்க. விளையாட்டுதான். ஆனா வகுப்புல ஒரு பொண்ணோட தாத்தா இதே தொழுநோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை வாங்கிட்டு இருக்கார், அது தெருவுக்கே தெரியும். அந்தப் பொண்ணு இப்ப ஒத்திகைக்கு வர்றதில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "வெயில் ஜாஸ்தி டீச்சர், அதான்"னு அவங்கம்மா சொல்லிட்டு, மோர் கொண்டு வர்றேன்னு உள்ள போனவங்க ரொம்ப நேரம் வெளிய வரலை.

காட்சியை எடுத்துட்டா கதையே இல்லைன்னு உபதேசியார் சொல்றார். அவருக்கு நோய் வந்தது உண்மை, அதை மறைக்கவும் எனக்கு மனசில்லை. பிள்ளைங்களுக்குப் பயம் வராத மாதிரி இதை எப்படிக் காட்டறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஓசூர் நைட் ஷிப்ட்

டீச்சர், எதுக்கு வம்பு? டான் போஸ்கோவைப் போட்டுடுங்க. பந்து, கயித்து மேல நடக்கிறது, நாலு பாட்டு. பசங்களும் ஜாலியா செய்வாங்க, தாய்மாருக்கும் சந்தோஷம். நாங்க படிக்கிறப்ப தமியான் நாடகம்னா கட்டுத்துணியைச் சுத்தி சிவப்பு மையை ஊத்தி விடுவாங்க. அந்த வேஷம் கட்டினவனை பத்தாவது முடிக்கிற வரைக்கும் ஒரு பட்டப் பேர் வெச்சுக் கூப்பிட்டோம்.

---

பழைய எல்.ஐ.

தம்பி, டான் போஸ்கோவை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். டீச்சரம்மா, நீங்க இதையே போடுங்க. பிரதியை மட்டும் மாத்துங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். கிறிஸ்தவன் இல்லை. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமா இருந்த காலத்துல தொழுநோய் ஒழிப்புத் திட்டத்துல லெப்ரசி இன்ஸ்பெக்டரா இருந்தவன். ஆபீஸ்ல எல்.ஐ.ன்னு சொல்வாங்க, ஊருக்குள்ள குஷ்ட இன்ஸ்பெக்டர். அந்தப் பேரைக் கேட்டாலே பாதி வீட்டுல "அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டார்"னு பதில் வரும். பெங்களூருக்குப் போனவரு பின்கட்டுல இருமுவார்! பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமெல்லாம் சைக்கிள்லயே சுத்தினவன். தமியான் பேரை நான் முதல்ல கேட்டது கோயில்ல இல்லை, செங்கல்பட்டு திருமணியில பயிற்சிக்குப் போனப்பதான். அதுக்கப்புறம் கிடைச்சதை எல்லாம் படிச்சேன்.

உங்க பிரதியில கட்டிப் பிடிச்சதும் நோய் வருது பாருங்க, அதுதான் விஷம். அவர் ஹவாயில மொலோக்காய் தீவுல இருந்த கலாவாவோங்கிற நோயாளிகள் குடியிருப்புக்கு வந்தது 1873 மே 10. அப்ப அவருக்கு 33 வயசு. சுடுதண்ணி சமாச்சாரம் 1884 டிசம்பர்ல நடக்குது. நடுவுல 11 வருஷத்துக்கு மேல ஓடிப் போச்சு. அந்தக் காலம் முழுக்க மருந்தே இல்லாத நூத்துக்கணக்கான நோயாளிகளுக்கு நடுவுல புண்ணைக் கழுவிக் கட்டினார், அவங்களோட ஒரே பாத்திரத்துல சாப்பிட்டார், தன்னோட புகைக் குழாயை அவங்களுக்குக் கொடுத்துத் தானும் பிடிச்சார். அதுக்கப்புறம்தான் வந்தது. அதை ரெண்டு நிமிஷக் காட்சியில கட்டிப் பிடிச்சார், வந்துடுச்சுன்னு காட்டினா பிள்ளை என்ன புரிஞ்சுக்கும்? தாத்தாவைத் தொட்டா வரும்னுதான் புரிஞ்சுக்கும். அந்தப் பிள்ளைங்களைக் குத்தம் சொல்லவே முடியாது.

இது தொட்டா ஒட்டற நோய் இல்லை. மருந்து சாப்பிடாத நோயாளியோட மூக்குலயும் வாயிலயும் இருந்து வர்ற கிருமி, ரொம்ப நாள் நெருங்கி இருக்கிறவங்களுக்குப் போகலாம். அதுலயும் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு உடம்புலயே எதிர்ப்புச் சக்தி இருக்கு, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. கிருமி உள்ள போனாலும் வெளிய தெரிய சராசரியா அஞ்சு வருஷம் ஆகும், சில பேருக்கு இருபது வருஷம்கூட ஆகும்.

இன்னொண்ணு. இதை நாடகத்துல கட்டாயம் சேருங்க. அதே இடத்துக்கு 1886-ல ஜோசஃப் டட்டன்னு ஒருத்தர் தமியானுக்கு உதவியா வந்தார். அமெரிக்கப் பட்டாளத்துல இருந்தவர், சாமியார் இல்லை. நாப்பது வருஷத்துக்கு மேல அந்த நோயாளிகளோடவே இருந்தார், எண்பது வயசு தாண்டி 1931-ல செத்தார். நோய் வரலை. 1888 நவம்பர்ல மதர் மரியான் கோப் ரெண்டு சிஸ்டர்களோட அங்க வந்தாங்க. உங்க ஒருத்தருக்கும் இந்த நோய் வராதுன்னு தன்னோட வந்த சிஸ்டருங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாங்க. 1918-ல சாகற வரைக்கும் அங்கதான் இருந்தாங்க, சொன்ன மாதிரி யாருக்கும் வரலை. மூணு பேரும் அதே ஜனங்களுக்குத்தான் வேலை செஞ்சாங்க, அதே புண்ணைத்தான் கழுவினாங்க. ஒருத்தருக்கு வந்தது, ரெண்டு பேருக்கு வரலை. இதை மேடையில சொன்னா போதும், தொட்டா வரும்ங்கிற பேச்சு தானா அடங்கும். மதர் மரியானும் 2012-ல புனிதர் பட்டம் வாங்கினவங்கதான், சேர்க்கலாமான்னு சாமியார் யோசிக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கை விரிக்கிற வசனம். தனக்கு நோய்னு தெரிஞ்ச பிறகுதான் தன்னையும் சேர்த்துப் பேசினார்னு எல்லா நாடகத்துலயும் வெக்கறாங்க, கைதட்டல் வாங்கறதுக்கு வசதி. ஆனா அவர் வந்த வருஷமே, 1873 நவம்பர்ல, ஊருல இருக்கிற அண்ணனுக்கு எழுதின கடிதத்துலயே அந்தப் பேச்சு இருக்கு: பிரசங்கத்துல சகோதரர்களேன்னு கூப்பிடறதில்லை, நாம் தொழுநோயாளிகள்னுதான் சொல்றேன்னு. உடம்புல ஒரு தேமல்கூட இல்லாதப்ப சொன்னது அது. எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. முதல் காட்சியிலேயே அதை வெச்சுடுங்க.

சுடுதண்ணிக் காட்சி இருக்கட்டும், அது உண்மைதான். ஆனா அது அற்புதமும் இல்லை, தண்டனையும் இல்லை, நரம்பு செத்துப் போனதோட அறிகுறி. பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்து பதிவேட்டுல எழுதிட்டு இருந்தேன். அந்த வீட்டம்மா களி கிண்டி முடிச்சு, பானையைத் துணி இல்லாம ரெண்டு கையாலயும் பிடிச்சு அடுப்புல இருந்து இறக்கி வெச்சாங்க. சாவகாசமா வந்து எனக்குத் தண்ணி கொடுத்தாங்க. சொம்பை வாங்கும்போது பார்க்கிறேன், உள்ளங்கை ஓரத்துல தோல் வெளுத்துக் கிளம்பி நிக்குது. "சுடலீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "எனக்கு எப்பவுமே கை கெட்டிங்க சார்"னு பெருமையா சொன்னாங்க. முழங்கைக்குப் பின்னாடி விரலை வெச்சு நரம்பை உருட்டிப் பார்த்தேன், சுண்டுவிரல் கனத்துக்குத் தடிச்சிருந்தது. அவங்களைத் தேடி நான் அந்த வீட்டுக்குப் போகலை. அவங்க மாமியார் முதுகுல தேமல் இருக்குன்னுதான் போயிருந்தேன்.

---

தர்மபுரி எம்.ஏ. ஹிஸ்டரி

எல்.ஐ. ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். இந்தக் கதையை எப்பவும் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வந்து காப்பாத்தினதாவே போடறோம். அங்க இருந்த ஜனங்க சும்மா படுத்துக் கிடந்த மாதிரி ஆயிடுது.

ஹவாயில அஞ்சாம் கமேஹமேஹா ராஜா காலத்துல, 1865-ல ஒரு சட்டம் வந்தது. நோய்னு சந்தேகம் வந்தாலே பிடிச்சுட்டுப் போகலாம். 1866 ஜனவரியில முதல் கூட்டத்தைக் கப்பல்ல கொண்டு போய் மொலோக்காய்ல கலாவாவோ இருக்கிற தீபகற்பத்துல விட்டாங்க. மூணு பக்கம் கடல், பின்னாடி 2000 அடிக்கு மேல செங்குத்தான பாறை. அதுக்குப் பூட்டே வேண்டாம். அந்தச் சட்டம் 1969 வரைக்கும் இருந்தது. மொத்தம் 8000 பேர் அளவுக்கு அங்க அனுப்பினாங்க, பெரும்பாலும் அந்த மண்ணோட ஆதி ஜனங்க. புருஷனைப் பிரிய மாட்டேன்னு பெண்டாட்டியும், பிள்ளையை விட மாட்டேன்னு தாயும் நோய் இல்லாமலே கூடப் போனது உண்டு. நோயாளியா வந்த ஆம்ப்ரோஸ் ஹட்சிசன் பின்னாடி அந்தக் குடியிருப்புக்கே கண்காணிப்பாளரா இருந்தார். தமியானோட கூடவே இருந்து பார்த்ததை எழுதியும் வெச்சார்.

நம்ம ஊர்லயும் 1898-ல வெள்ளைக்காரன் போட்ட தொழுநோயாளிகள் சட்டம் இருந்தது, பிச்சை எடுக்கிற நோயாளியைப் பிடிச்சு அடைக்கறதுக்கு. அதை ரத்து பண்ணினது 2016-ல. விவாகரத்துக்கு இந்த நோயை ஒரு காரணமாக் காட்டலாம்ங்கிறதை எடுத்தது 2019-ல. அதனால ஹவாய்க்காரங்களைக் கொடுமைக்காரங்களாக் காட்டாதீங்க. நாம உச்சுக் கொட்ட இடமே இல்லை.

---

பென்னாகரம் நர்ஸ்

டீச்சர், நாடகத்தை விட எனக்கு அந்தப் பொண்ணு வீடுதான் கவலையா இருக்கு.

தாத்தா மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சுட்டார்னா அவர்கிட்ட இருந்து பரவறது சீக்கிரமே நின்னுடும். அட்டை அட்டையா மாசத்துக்கு ஒண்ணு கொடுப்பாங்க, ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபசிமின் மூணும் அதுல இருக்கும். நோய் கொஞ்சமா இருந்தா 6 மாசம், அதிகமா இருந்தா 12 மாசம். எல்லாம் இலவசம். முதல் நாள் மாத்திரை போட்டதும் மூத்திரம் சிவப்பாப் போகும், அதைப் பார்த்துப் பயந்தே நிறுத்திடறவங்க இருக்காங்க. க்ளோஃபசிமின் உடம்பைக் கறுக்க வைக்கும். உடம்பு கறுத்துடுச்சே, நோய் முத்திடுச்சுன்னு தெருவுல பேசுவாங்க. மாத்திரை முடிஞ்சதும் அந்தக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமா மாறிடும். இதை நாடகத்துக்கு அப்புறமாவது யாராவது மைக்குல சொல்லணும்.

வீட்டுல இருக்கிற எல்லாரையும் ஒரு தடவை பார்த்துடறது நல்லது, அந்தப் பொண்ணையும் சேர்த்து. தகுதி இருக்கிறவங்களுக்கு முன்னெச்சரிக்கையா ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பாங்க. நடுவுல தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்து தேமல் சிவந்து வீங்கினாலோ, கை கால்ல நரம்பு வலி வந்தாலோ மருந்து ஒத்துக்கலைன்னு நிறுத்திடக் கூடாது. அன்னைக்கே வரணும். அப்ப விட்டாத்தான் கை மடங்கறதும் கால் தொங்கறதும்.

---

எலத்தகிரி டீச்சர்

ரொம்ப நன்றி எல்.ஐ. ஐயா, நர்ஸ் அக்கா, ஹிஸ்டரி சார். டட்டன், மதர் மரியான் ரெண்டு பேரும் எங்க பிரதியில கிடையவே கிடையாது. உபதேசியாருக்குப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப நடுவுல அந்த 11 வருஷம் அவர் என்னதான் செஞ்சார்?"னு கேட்டார். நான் அதையே உங்ககிட்ட கேக்கறேன். ஜெபம் பண்றார், புண்ணு கட்டறார், இது ரெண்டைத் தவிர எங்க பிரதியில ஒண்ணும் இல்லை. நோயாளிகளுக்கு வேஷம் எப்படிப் போடறதுன்னும் சொல்லுங்க ஐயா. சிவப்பு மை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

---

பழைய எல்.ஐ.

உபதேசியார் கேட்டதுதான் சரியான கேள்வி.

அந்த மனுஷன் செஞ்சது பெரும்பாலும் கொத்து வேலை, தச்சு வேலை. பெல்ஜியத்துல த்ரெமெலோங்கிற ஊருல தானிய வியாபாரி வீட்டுப் பிள்ளை. ஹவாய்க்கு வர வேண்டியதே அவர் இல்லை, சாமியாரா இருந்த அவங்க அண்ணன். கிளம்பற நேரத்துல அண்ணன் காய்ச்சல்ல விழுந்துட்டார், தம்பி அந்த இடத்துக்குத் தன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினார். 1864-ல ஹோனலூலுவுல குருப்பட்டம். அடுத்த ஒன்பது வருஷம் ஹவாய் பெரிய தீவுல எரிமலைக்குப் பக்கத்துல பங்கு வேலை, அங்கயும் கோயில் கோயிலாக் கட்டினார். மொலோக்காய்க்கு நாலு சாமியார் முறை வெச்சுப் போறதாத்தான் ஏற்பாடு. முதல் முறைக்குப் போனவர் திரும்பலை.

போன புதுசுல படுக்க இடம் கிடையாது, தாழை மாதிரி ஒரு மரத்தடியில தூங்கினார். குடிசைக்குள்ள நாத்தம் தாங்காது. புகைக் குழாய் பிடிக்கப் பழகினதே அதுக்குத்தான், துணியில ஏறற நாத்தத்தை மறைக்க. இதை நான் ஒளிக்க மாட்டேன். புண்ணு நாத்தம்னா என்னன்னு எனக்குத் தெரியும். சகிச்சுக்கிட்டு முகம் சுளிக்காம உக்காந்திருக்கிறதே ஒரு வேலை.

தண்ணிக் காட்சியை மறக்காதீங்க. அங்க ஜனங்க தூரத்து ஓடையில இருந்து தண்ணி சுமக்கணும், விரல் இல்லாத கையால. பள்ளத்தாக்குல ஒரு சுனையைக் கண்டுபிடிச்சு, அரசாங்கத்துகிட்ட குழாய் கேட்டு வாங்கி, நோயாளிகளோட சேர்ந்து குடியிருப்பு வரைக்கும் பதிச்சுக் கொண்டு வந்தார். ஒகேனக்கல் தண்ணி வர்றதுக்கு முன்னாடி குடத்தோட அலைஞ்ச ஜனத்துக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். ஒரு பி.வி.சி. பைப்பு, நாலு பிளாஸ்டிக் குடம் போதும்.

1874-ல புயல் அடிச்சு குடிசை எல்லாம் போச்சு. மரம் வரவழைச்சு வீடு கட்டினார். சவப்பெட்டியும் அவரே செஞ்சார். அதுக்கு முன்னாடி துணியைச் சுத்தி மேலாகப் புதைச்சுட்டுப் போறதுதான் வழக்கம். இறந்தவங்களுக்கு ஒரு ஊர்வலம் வேணும்னு நோயாளிகளை வெச்சே பேண்டு குழு கிளப்பினார். உங்க ஊருத் திருவிழாவுக்கு பேண்டு செட்டு இல்லாம இருக்குமா? அதே பசங்களைக் கூப்பிடுங்க. சாவு ஊர்வலத்தோட விட்டுடாதீங்க, அங்க கல்யாணமும் நடந்தது, பாட்டும் இருந்தது. அதுக்கும் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்க.

மேடைக்குன்னே அமைஞ்ச மாதிரி ஒண்ணு இருக்கு. குடியிருப்பை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு அவருக்கும் உத்தரவு போட்டுட்டாங்க. பாவசங்கீர்த்தனம் செய்ய இன்னொரு சாமியார் வேணுமே? அவங்க சபைத் தலைவர் கப்பல்ல வர்றார். கேப்டன் அவரைக் கரையில இறங்க விடலை, தமியானைக் கப்பல்ல ஏத்தவும் இல்லை. தமியான் சின்னப் படகுல பக்கத்துல போய் நின்னு, கப்பல் மேல இருக்கிற சாமியாருக்குக் கேக்கற மாதிரி தன் பாவத்தைச் சத்தமா சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கறார். சுத்தி மாலுமிங்க. நான் கோயில் குளம்னு அதிகம் போகாதவன்தான். இதைப் படிச்சப்ப புத்தகத்தை மூடி வெச்சுட்டு ஒரு நடை நடந்துட்டு வந்தேன்.

குணத்தைப் பத்தியும் சொல்லணும். மகா பிடிவாதக்காரர், முன்கோபி. மரம் வரலை, துணி வரலைன்னு சுகாதார போர்டுக்கு ஓயாம எழுதித் தொல்லை கொடுத்தார். மேலதிகாரிங்க பாதிப் பேருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எனக்கு அதுல ஆச்சரியம் இல்லை. எங்க மாவட்டத்துலயே மருந்து வரலைன்னு மாசா மாசம் மேசையைத் தட்டினவனுக்கு நல்ல பேர் இருந்ததில்லை. அவர் செத்த பிறகு ஹோனலூலுவுல ஒரு புரொட்டஸ்டண்ட் போதகர், தமியான் அழுக்கு, முரடன், ஒழுக்கம் சரியில்லைன்னு கடிதம் எழுதினார். அது பத்திரிகையில வந்துடுச்சு. அப்ப அந்தத் தீவுக்கே போய்ப் பார்த்துட்டு வந்திருந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், அவரும் புரொட்டஸ்டண்ட்தான், 1890-ல பகிரங்கமாப் பதில் எழுதி வெளுத்து வாங்கிட்டார். அதுலயும் தமியானோட குறையை அவர் மூடலை. உங்க நாடகத்துலயும் ஒரு இடத்துல கோபப்படட்டும். எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருந்தா மாலை போட்ட படம் மாதிரி ஆயிடும்.

வேஷத்துக்கு வர்றேன். கட்டுத்துணி, மை, கிழிஞ்ச சட்டை எதுவும் வேண்டாம். பசங்க சாதாரண உடுப்புலயே இருக்கட்டும். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் உள்ள மடக்கி வெச்சுக்கிட்டு, அந்தக் கையாலேயே குடம் தூக்கட்டும், சுத்தியல் பிடிக்கட்டும். முழங்கை நரம்பு போனா கை அப்படித்தான் நிக்கும். ரெண்டு நாள் அப்படிப் பழகினாலே கேலி பண்ற பசங்க கேலியை விட்டுடுவாங்க. ஒரு சட்டைப் பொத்தானை அந்தக் கையால போடச் சொல்லிப் பாருங்க.

மடங்கின கையையும் சரி பண்ணலாம்னு கடைசியில சொல்லிடுங்க. கொல்லிமலையில 1914-ல பிறந்த பால் பிராண்டுங்கிற டாக்டர், வேலூர்ல அதுக்கு ஆபரேஷன் கொண்டு வந்தவர். வேலை செய்யற ஒரு தசைநாரை எடுத்து, வேலை செய்யாத விரலுக்குத் திருப்பிக் கட்டறது. நம்ம கிருஷ்ணகிரியில இருந்து எத்தனையோ பேர் வாணியம்பாடி, ஆம்பூர் வழியா பஸ் பிடிச்சு காட்பாடிக்குப் பக்கத்துல கரிகிரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்காங்க. இன்னொரு சங்கதி, தமியானோட ஊர்க்காரங்களே நம்ம பக்கமும் வந்தாங்க. 1955-ல செங்கல்பட்டு பக்கம் பொலம்பாக்கத்துல ஹெமரிக்ஸ்னு ஒரு பெல்ஜியம் டாக்டர் ஆரம்பிச்சார், கூட கிளேர் வெல்லூட்டுங்கிற டாக்டரம்மா. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம்னு ஊர் ஊராப் போய் மரத்தடியில மருந்து கொடுத்தாங்க. நாங்க சைக்கிள்ல போனது அந்த வழியைப் பிடிச்சுத்தான்.

தமியான் காலத்துல இதெல்லாம் ஒண்ணுமே இல்லை. அவர் மொலோக்காய்க்குப் போன அதே 1873-லதான் நார்வேயில ஹான்சன் இந்தக் கிருமியையே கண்டுபிடிக்கிறார். தமியானுக்குக் கிடைச்சது ஜப்பான்காரர் ஒருத்தர் சொல்லிக் கொடுத்த வெந்நீர்க் குளியலும், எட்வர்ட் கிளிஃபோர்டுங்கிற ஓவியர் 1888-ல கொண்டு வந்து கொடுத்த குர்ஜன் எண்ணெயும்தான். அந்த எண்ணெய் நம்ம அந்தமான் பக்கத்து மரத்துது. நம்ம வைத்தியருங்க நீரடிமுத்து எண்ணெய் கொடுத்தாங்களே, அந்த மாதிரி. அதுல குணமாகலை. 1889 ஏப்ரல் 15-ல செத்தார், 49 வயசு. இன்னைக்கு அவருக்கு வந்திருந்தா ஒரு வருஷ மாத்திரையில முடிஞ்சிருக்கும். அந்த நர்சம்மா சொன்ன அட்டையை மேடையில தூக்கிக் காட்டச் சொல்லுங்க.

---

ஓசூர் நைட் ஷிப்ட்

டான் போஸ்கோ யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன். சவப்பெட்டிக்கு அட்டை வேணும்னா சொல்லுங்க டீச்சர், எங்க கம்பெனியில பெரிய பெரிய பேக்கிங் பெட்டி எடைக்குப் போட வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வண்டியில போட்டுட்டு வந்துடறேன்.

---

எலத்தகிரி டீச்சர்

வேணும் தம்பி, மூணு பெட்டி போதும்.

பிரதியை மாத்தி எழுதிட்டு இருக்கேன். படகுக் காட்சிக்குக் கோயில் பெஞ்சைத் திருப்பிப் போடலாம்னு சாமியாரே சொன்னார். உபதேசியார் மட்டும் சுடுதண்ணியைக் கடைசியிலதான் வைக்கணும்னு இன்னும் பிடிவாதமா இருக்கார், பேசிப் பார்க்கணும். பொத்தான் விஷயத்தை நேத்து ஒத்திகையில செஞ்சு பார்த்தோம். ஓடி ஓடிக் கத்தினவன்தான் ரொம்ப நேரம் முயற்சி பண்ணினான், போட முடியலை. "அப்ப அவங்க சட்டை போட யாராவது உதவணுமா டீச்சர்?"னு கேட்டான்.

மதர் மரியான் வேஷத்துக்கு அந்தப் பொண்ணைத்தான் நினைச்சிருக்கேன். நாளைக்கு நர்ஸ் அக்கா சொன்னதை எல்லாம் எழுதி எடுத்துட்டு மறுபடி அவங்க வீட்டுக்குப் போறேன். தாத்தாகிட்டயும் பேசணும். அவர் ஊர்ல பழைய தச்சராம், இப்பத்தான் தெரிஞ்சது. பெட்டி செய்யற காட்சிக்கு உளி பிடிக்கச் சொல்லிக் கொடுப்பாரான்னு கேக்கப் போறேன்.

---

பழைய எல்.ஐ.

கேளுங்கம்மா. ஆனா அவர் கையில உணர்ச்சி எப்படி இருக்குன்னு முதல்ல நர்சுகிட்ட விசாரிச்சுட்டு அப்புறம் உளியைக் கொடுங்க. கைப்பிடிக்குத் தடிமனாத் துணி சுத்திக் கொடுக்கணும், வேலை முடிஞ்சதும் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கச் சொல்லணும்.

அப்புறம் அந்தச் சுடுதண்ணிக் காட்சி. பார்க்கறதுக்கு நல்லா இருக்கும்னு யாராவது நிஜமாவே ஆவி பறக்கிற தண்ணியைக் கொண்டு வந்து வெப்பாங்க, உங்க உபதேசியார் மாதிரி ஆள் கட்டாயம் வெப்பார். வெறும் பச்சைத் தண்ணி போதும். தமியானா நடிக்கிற பையனுக்குக் கால்ல உணர்ச்சி நல்லாவே இருக்கும்.